வீட்டு நாஸுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்கை நம்பி வாங்கலாம்?

நான்கு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டி ஒன்றை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டியை, வாங்கிவிட்டீர்கள். பதினைந்து வருடத்துப் புகைப்படங்கள், பிள்ளைகளின் வீடியோக்கள், அப்பா பாடிய பழைய கேசட்டுகளின் டிஜிட்டல் பிரதி என்று மொத்தம் மூன்றரை டிபி (டெராபைட்) அளவுக்கு இருக்கிறது. 4 டிபி டிஸ்க் நான்கு வாங்குவதா, 8 டிபி இரண்டு வாங்குவதா? எந்தக் கம்பெனி நம்பகமானது? கடைக்காரர் சொல்வதுபோல சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கே போதுமா? ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் சர்வர் டிஸ்க்குகளைத் தொடலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால், நாஸுக்கென்றே செய்யப்பட்ட 8 டிபி டிஸ்க் இரண்டை வெவ்வேறு கடைகளில் வாங்கி மிரராக, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும்படி, போடுவேன். மூன்றாவதாக ஒரு 8 டிபி யூஎஸ்பி டிஸ்க்கை பேக்கப்புக்கென்று வாங்குவேன். பெட்டியில் மீதி இரண்டு இடத்தையும் காலியாக விட்டுவிடுவேன். நான்கு டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றுதான் வாங்குகிறோம், அதிலும் ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஏன் இப்படி என்பதற்கான காரணங்கள் கீழே.

எல்லோரும் முதலில் கேட்பது கம்பெனியைப் பற்றித்தான். இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011ல் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியின் எச்ஜிஎஸ்டி 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கைக்குப் போனது. வேறு எந்தப் பெயர் ஒட்டி விற்றாலும் உள்ளே இருப்பது இந்த மூவரில் ஒருவருடைய டிஸ்க்தான்.

இவர்களில் ஒருவர் எப்போதும் நல்லவர், இன்னொருவர் எப்போதும் மோசம் என்று பிரிக்க முடியாது. 2000ல் ஐபிஎம் கொண்டுவந்த டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வரிசை அடுக்கடுக்காகச் செத்து விழுந்ததால் 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயர் வாங்கியது. ஐபிஎம் அந்தத் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்றது. பத்து வருடம் கழித்து, அதே டெஸ்க்ஸ்டார் பெயரில் வந்த ஹிட்டாச்சி டிஸ்க்குகள் மிகக் குறைவாகப் பழுதாகும் டிஸ்க்குகள் என்று பெயரெடுத்தன. சீகேட்டின் எஸ்டி3000டிஎம்001 என்ற 3 டிபி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் 2012ல் அதை ஆயிரக்கணக்கில் போட்டது. 2015 மார்ச்சில் அவற்றில் வேலையில் மிஞ்சியவை சுமார் பத்தில் ஒன்றுதான். அதே சீகேட்டின் 4 டிபி டிஸ்க்குகள் அதே நிறுவனத்தில் அப்படி விழவில்லை. ஆக, கெட்டுப்போவது மாடல்தான், சில நேரம் ஒரு குறிப்பிட்ட லாட்தான். நண்பர் ஒருவருக்கு ஒரு டிஸ்க் போய்விட்டது என்பதற்காக அந்தக் கம்பெனியையே ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை. ஒரு டிஸ்க்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பேக்பிளேஸ் 2013 முதல் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை பழுதானது என்ற கணக்கை வெளியிட்டு வருகிறது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் கணக்குகளில் இதுவே பெரியது. அவர்களின் மொத்தப் பழுது விகிதம் 2023ல் 1.70 விழுக்காடு, 2024ல் 1.57 விழுக்காடு. அதாவது நூறு டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போகும். அவர்கள் போடுவது பெரும்பாலும் 12 டிபி, 16 டிபி போன்ற சர்வர் டிஸ்க்குகள். நீங்கள் வாங்கப்போகும் மாடல் அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம். ஆனாலும் ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அதைத் தோராயமாக 1.5 விழுக்காடு என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு டிஸ்க்கை ஐந்து வருடம் ஓட்டினால், ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு. நான்கு டிஸ்க் என்றால் சுமார் 26. வீட்டுச் சூடும் தூசியும் கரண்ட் கட்டும் சேர்ந்தால் உண்மை நிலவரம் இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். 4 டிபி நான்கைவிட 8 டிபி இரண்டு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

டேட்டா ஷீட்டில், அதாவது கம்பெனி தரும் விவரத்தாளில், எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 10 லட்சம் மணிநேரம் என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் 114 வருடம் வரும். அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை. நிறைய டிஸ்க்குகள் ஓடும்போது வருடத்துக்கு 0.88 விழுக்காடு போகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2007ல் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, உண்மையில் மாற்றவேண்டி வந்தவை பல இடங்களில் வருடத்துக்கு 2 முதல் 4 விழுக்காடு, சில இடங்களில் 13 விழுக்காடு வரை இருந்தன. அதனால் இரண்டு டிஸ்க்கை ஒப்பிடும்போது எம்டிபிஎஃப் எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த டிஸ்க் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். இதில் தவறினால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை குறுகலானது. சிஎம்ஆர் வகையில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில் இடம் விட்டிருப்பார்கள். எந்தத் தடத்தையும் தனியாக அழித்து எழுதலாம். எஸ்எம்ஆர் வகையில் அதே தகட்டில் இன்னும் கொஞ்சம் திணிப்பதற்காக, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதைப்போல ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். படிக்கும் முனை குறுகல் என்பதால் வெளியே தெரியும் மீதிப் பகுதியை வைத்துப் படித்துவிடும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளை எல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் இல்லையா? இங்கும் அதேதான். சின்ன மாற்றத்துக்கும் ஒரு பட்டை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அதை மறைக்க டிஸ்க்கின் ஒரு பகுதியைத் தற்காலிக இடமாக வைத்து, வருவதை முதலில் அங்கே போட்டுவிட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் அடுக்கி வைக்கும். நாலு ஃபைலை காப்பி செய்யும்போது உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

நாஸில் ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க்கைப் போட்டு ரெய்டை (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பை) மீட்கும்போதுதான் இது தெரியவரும். பல மணிநேரம் நிறுத்தாமல் எழுத வேண்டும், அந்தத் தற்காலிக இடம் நிரம்பிவிடும், வேகம் படுத்துவிடும். சில சமயம் டிஸ்க் நெடுநேரம் பதிலே சொல்லாமல் இருக்கும். 'இதுவும் செத்துவிட்டது' என்று நாஸ் அதையும் வெளியே தள்ளிவிடும்.

2020 ஏப்ரலில் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில், 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பெட்டியிலும் இல்லை, டேட்டா ஷீட்டிலும் இல்லை. ZFS என்ற ஃபைல் அமைப்பில் ஒருவர் செய்த ஒப்பீட்டில் சிஎம்ஆர் டிஸ்க்கில் ஒரு நாளுக்குள் முடிந்த மீட்பு, எஸ்எம்ஆர் 4 டிபி டிஸ்க்கில் ஒன்பது நாளுக்கு மேல் இழுத்தது. அந்த ஒன்பது நாளும் மீதி டிஸ்க்குகள் பாதுகாப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். வழக்குகள் வந்தன. அதன்பிறகுதான் வரிசையைப் பிரித்தார்கள்: வெறும் ரெட் என்பது எஸ்எம்ஆர், ரெட் பிளஸும் ரெட் புரோவும் சிஎம்ஆர். சீகேட் ஐயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர், டோஷிபா என்300ம் சிஎம்ஆர். கடைக்காரர் சொன்ன சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில், சீகேட் பாரகுடா வரிசையின் பல அளவுகள் எஸ்எம்ஆர். ஆகவே 'ரெட் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், 'ரெட் பிளஸ்' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். அட்டையில் இருக்கும் மாடல் எண்ணை கம்பெனியின் டேட்டா ஷீட்டோடு ஒப்பிட்டு, சிஎம்ஆர் என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாதாரண டிஸ்க் சிஎம்ஆராகவே இருந்தாலும் நாஸுக்கு ஒத்துவராமல் போக இன்னொரு காரணம் ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். படிக்க முடியாத ஒரு இடத்தில் மாட்டினால், கம்ப்யூட்டர் டிஸ்க் விடாமல் முயற்சி செய்யும். ஒரு நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அது சரியான நடத்தை. அந்த டேட்டாவுக்கு வேறு பிரதி இல்லாதபோது விடாமல் முயல்வதுதான் முறை. ரெய்டில் பக்கத்து டிஸ்க்கில் பிரதி இருக்கிறது. அதனால் நாஸ் டிஸ்க்குகள் ஏழு வினாடி முயன்று பார்த்துவிட்டு 'என்னால் முடியவில்லை' என்று சொல்லிவிடும். நாஸ் பக்கத்து டிஸ்க்கிலிருந்து எடுத்து, பழுதான இடத்தைத் திரும்ப எழுதிவிடும். கம்ப்யூட்டர் டிஸ்க் முயன்றுகொண்டே இருந்தால், நாஸ்களைப் பெரும்பாலும் இயக்கும், வழக்கமாக 30 வினாடி காத்திருக்கும் லினக்ஸ் பொறுமையிழந்து டிஸ்க்கையே பழுதானதாகக் கணக்கில் வைத்துவிடும். ஒரே ஒரு மோசமான செக்டாருக்காக (டிஸ்க்கில் ஒரு சின்னத் துண்டுக்காக) முழு டிஸ்க்கும் வெளியே போய்விடும். கடைக்காரர் 'எல்லாம் ஒரே டிஸ்க்தான் சார், ஸ்டிக்கர்தான் வேறு' என்று சொன்னால் இந்த ஏழு வினாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கென்று விற்கும் பர்ப்பிள், ஸ்கைஹாக் வகைகளையும் கடைகளில் எடுத்துக் காட்டுவார்கள், நம் ஊரில் சிசிடிவி வியாபாரம் அதிகம் என்பதால் கையிருப்பில் இருக்கும். அவை நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்யப்பட்டவைதான். ஆனால் இடைவிடாமல் வீடியோ எழுதுவதற்காகச் சரிசெய்யப்பட்டவை. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் நாஸ் வகையே வாங்குங்கள்.

அதிர்வு, வருடாந்திர வேலைப்பளு என்று இன்னும் சில வரிகள் டேட்டா ஷீட்டில் இருக்கும். வீட்டு நாஸ் வகைகள் வருடத்துக்கு 180 டிபி அளவு எழுதிப் படிக்கலாம் என்று மதிப்பிடப்பட்டவை. குடும்பப் படங்களை வைத்திருக்கும் வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே அபூர்வம். புரோ வகைகளுக்கு வாரண்டி ஐந்து வருடம், சாதாரண நாஸ் வகைகளுக்கு மூன்று. அந்த இரண்டு வருடத்துக்காக அதிக விலை கொடுப்பதைவிட, அதே பணத்தை பேக்கப் டிஸ்க்கில் போடுவது நல்லது என்பது என் கருத்து. புரோ டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுபவை, சத்தமும் சூடும் கூடுதல். ஹாலிலோ படுக்கையறையிலோ வைக்கப்போகிறீர்கள் என்றால் இதையும் யோசியுங்கள்.

4 டிபி நான்கு, 8 டிபி இரண்டு என்ற கேள்விக்கு வருகிறேன். நான்கை ரெய்டு 5ல் (ஒரு டிஸ்க் அளவு இடத்தை மீட்புத் தகவலுக்கு ஒதுக்கும் முறையில்) போட்டால் 12 டிபி கிடைக்கும், இரண்டை மிரராகப் போட்டால் 8 டிபி. உங்களிடம் இருப்பது மூன்றரை. இரண்டிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மிரரில் ஒரு டிஸ்க் போனால் இன்னொன்றில் முழுப் பிரதி அப்படியே இருக்கும். மீட்பு என்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்வது, அவ்வளவுதான். ரெய்டு 5ல் மீதி மூன்று டிஸ்க்கும் முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் படித்துக் கொடுத்தால்தான் நான்காவது திரும்பக் கட்டப்படும். நாஸ் பெட்டியே ஒருநாள் பழுதானால், மிரரிலிருந்த டிஸ்க் ஒன்றை லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படிப்பதும் பெரும்பாலும் எளிது. கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்க் 7 வாட் என்று வைத்தால் நான்குக்கு 28 வாட், இரண்டு மாத பில்லில் 40 யூனிட். இரண்டு டிஸ்க்குக்கு அதில் பாதி. நாளைக்கு இடம் போதவில்லை என்றால் காலியாக இருக்கும் இரண்டு இடத்தில் அன்றைய விலையில் பெரிய டிஸ்க்காகப் போட்டுக்கொள்ளலாம்.

(8 டிபி போட்டுவிட்டு நாஸில் 7.2 என்று காட்டினால் பதற வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறது, நாஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. டிஸ்க் சரியானதுதான்.)

வெவ்வேறு கடையில் வாங்கச் சொன்னதற்கு என் சொந்த அனுபவம்தான் காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு டிஸ்க்குகளை மிரராகப் போட்டேன். சீரியல் எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன. மூன்றாவது வருடம் ஒன்று போனது. வாரண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பதினெட்டாம் நாள் இன்னொன்றும் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரே நாளில் செய்யப்பட்டு, ஒரே வண்டியில் குலுங்கி வந்து, ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் ஓடிய இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் களைத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. அன்று யூஎஸ்பி பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அதிலிருந்து ஒன்றை ஒரு கடையிலும் இன்னொன்றை ஒரு மாதம் கழித்து வேறு கடையிலும் வாங்குகிறேன். ஒன்று ஐயன்வுல்ஃப், ஒன்று ரெட் பிளஸ் என்று கலந்து போட்டாலும் நாஸுக்கு ஒன்றும் ஆகாது. வேகம் குறைந்ததன் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

பாதி விலை சர்வர் டிஸ்க்குகளைப் பற்றிக் கேட்டீர்கள். பழையது என்று சொல்லி, ஓடிய மணிநேரத்தைக் காட்டி, நியாயமான விலைக்கு ஒருவர் விற்றால் அது வேறு விஷயம். மூன்றாவது பிரதி வைக்க அதுகூடப் பயன்படும். பழையதைப் புதிது என்று விற்பதுதான் ஆபத்து. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே பத்திரிகை வெளியே கொண்டுவந்த செய்தியில், சீகேட் எக்சோஸ் என்ற சர்வர் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணிநேரம் ஓடியபிறகு, ஓட்டக் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டு, புதியவை என்று கடைகளில் விற்கப்பட்டது தெரிந்தது. அவற்றில் பல, சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை என்று கருதப்படுகிறது. 2021ல் அந்த நாணயத்துக்காகப் பெரிய டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள், சந்தை படுத்தபின் அவை எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் வழக்கமான ஸ்மார்ட் கணக்கை அழித்தவர்கள், சீகேட் டிஸ்க்கின் உள்ளே ஃபார்ம் என்ற பெயரில் இருக்கும் இன்னொரு கணக்கை அழிக்காமல் விட்டதால்தான் மாட்டினார்கள். இந்தக் கணக்குகளைப் படித்துக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச நிரல் 7.4 பதிப்பிலிருந்து அந்தக் கணக்கையும் படிக்கிறது. சீகேட் டிஸ்க் வாங்கினால் இரண்டு இடத்திலும் ஓடிய மணிநேரம் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். புது டிஸ்க்கில் இரண்டுமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பில் கட்டாயம், அதில் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் இந்தியாவில் எந்தத் தேதிவரை வாரண்டி என்று காட்டும். வெளிநாட்டுக்கென்று அனுப்பப்பட்ட டிஸ்க், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த டிஸ்க் என்றால் வாரண்டி இல்லை என்று வரும். திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். கூரியரில் வந்தால் கட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் உறையில் டிஸ்க் உருண்டுகொண்டு வந்தால் நான் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். உள்ளே படிக்கும் முனை தகட்டுக்குச் சில நானோமீட்டர் மேலேதான் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. வழியில் எத்தனை முறை எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

டிஸ்க் வந்தவுடன் படங்களைக் கொட்டிவிடாதீர்கள். ஆரம்பப் பழுதுகள் பல முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும். அந்தப் பழுதை உங்கள் டேட்டா உள்ளே போவதற்கு முன் வரவழைத்துவிட வேண்டும். நாஸின் திரையிலேயே விரிவான ஸ்மார்ட் சோதனை இருக்கும். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அது முடிந்தபின், லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தால், பேட்பிளாக்ஸ் நிரலை எழுதும் முறையில் ஓட்டுங்கள். அது நான்கு விதமாக டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பார்க்கும். 8 டிபிக்கு நாலரை நாள் ஆகும். டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிஸ்க்கில் மட்டும்தான் செய்ய வேண்டும். முடிந்தபின் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். 199ஆம் வரியில் மட்டும் எண் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், அது பெரும்பாலும் கேபிளோ இணைப்போ சரியில்லை என்பதன் அடையாளம்.

இந்த வரிகளைப் பிறகும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும், நாஸிலேயே தானாக ஓடி மெயில் அனுப்பும்படி வைத்துவிடலாம். ஆனால் ஸ்மார்ட்டையே முழுதாக நம்பிவிடக் கூடாது. கூகுள் 2007ல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழை வராததைவிட அடுத்த 60 நாளுக்குள் போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ஆகவே எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே புது டிஸ்க் ஆர்டர் செய்ய வேண்டும். இன்னொன்று, பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதையுமே காட்டாமல் போயிருந்தன. எச்சரிக்கை வரவில்லை என்பதால் டிஸ்க் நலம் என்று அர்த்தமில்லை. மாதம் ஒருமுறை 'டேட்டா ஸ்க்ரப்', அதாவது இருப்பதை எல்லாம் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓடும்படி வைப்பதும் அவசியம். பத்து வருடம் யாரும் திறக்காத கல்யாண ஆல்பத்தின் அடியில் இருக்கும் மோசமான செக்டார், யாராவது படித்துப் பார்த்தால்தான் தெரியவரும். மீட்பு நாளில் அது தெரியவந்தால் தாமதம்.

சூட்டைப் பற்றி அதே கூகுள் ஆய்வு, நாம் நினைக்கும் அளவுக்கு டிஸ்க்கின் ஆயுளோடு அதற்குத் தொடர்பில்லை, வயதான டிஸ்க்கிலும் மிக அதிக வெப்பத்திலும்தான் பாதிப்பு தெரிகிறது என்றது. அது ஏசி ஓடும் டேட்டா சென்டர். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 37 டிகிரியில் இருந்தால், டிஸ்க் அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறி 48ல் போய் நிற்கும். நான் 45க்குக் கீழே வைக்கப் பார்ப்பேன். பரணில், மூடிய ஷோகேசில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பின்பக்க ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

கரண்ட் கட் சூட்டைவிடப் பெரிய எதிரி. மின்சாரம் திடீரென்று நின்றால், டிஸ்க் தன் தகடுகள் சுற்றும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, அதை வைத்து முனையைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு, ஆனால் அவசரகாலத்துக்கானது. தினம் நாலு முறை செய்ய வைத்தால் தேயும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறுந்து போவது தனிக் கதை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் சில நாஸ்கள் அணைந்து மறுபடி எழும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள். நாஸுக்கு மட்டும் யூஎஸ்பி இணைப்புள்ள ஒரு சின்ன யூபிஎஸ் போட்டால் இன்னும் நல்லது. பேட்டரி தீரப்போகிறது என்று அது நாஸுக்குச் சொல்லும், நாஸ் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும்.

டிஸ்க்கை அடிக்கடி தூங்கவைக்கும் அமைப்பையும் தளர்த்தி வையுங்கள். பழைய டபிள்யூடி கிரீன் டிஸ்க்குகள் எட்டு வினாடி சும்மா இருந்தாலே முனையை நிறுத்தத்துக்கு அனுப்பிவிடும். நாஸில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தட்டி எழுப்பினால் ஒரு நாளைக்கு 2,880 முறை. மூன்று லட்சம் முறைக்கென்று செய்யப்பட்ட பொருள் நான்கு மாதத்துக்குள் அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். தினமும் பயன்படுத்தும் நாஸ் என்றால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

அந்த மூன்றாவது டிஸ்க்கை, யூஎஸ்பி பேக்கப்பை, பட்ஜெட் இடிக்கிறது என்று தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மிரர் ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும், வேறு எதிலிருந்தும் காப்பாற்றாது. தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்து பூட்டினால் இரண்டிலும் பூட்டும். இடி இறங்கினால் பெட்டியோடு இரண்டும் போகும். யூஎஸ்பி டிஸ்க்கை வாரம் ஒருமுறை செருகி பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வையுங்கள். அது எஸ்எம்ஆராக இருந்தாலும் கவலையில்லை, வாரம் ஒருமுறை வரிசையாக எழுதும் வேலைக்கு அது போதும். அப்பா பாடிய பதிவுகள் மட்டும் சில ஜிபிதான் இருக்கும். அவற்றை ஒரு பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ போட்டு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்துவையுங்கள். வருடம் ஒருமுறை போகும்போது படிக்கிறதா என்று பார்த்துப் புதிதாக எழுதிவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டிஸ்க்கைப் பெட்டிக்குள் தள்ளுவதற்கு முன், அதன் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் வாங்கிய மாதத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி அந்த டிரேயின் முகப்பில் ஒட்டுங்கள். ஒருநாள் இரவு 'டிஸ்க் 2 பழுது' என்று மெயில் வரும்போது, எது இரண்டாவது, இடமிருந்தா வலமிருந்தா என்ற பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுபவர்கள் உண்டு. மெயிலில் வரும் சீரியல் எண்ணும் டிரேயில் ஒட்டிய எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் இழுங்கள்.